கொட்டாத தேனீக்கள்

ஜீப் வருவதற்குள் குப்புராஜ் இரண்டு முறம் தேனீக்களைக் கூட்டி அள்ளிச் சாம்பல் குழியில் போட்டு மூடினார்.

எல்லாம் செத்தவை.

மொரப்பூர் வட்டாரத்திலேயே சிறந்த தேனீ வளர்ப்பாளர் அவர்தான் என்று பார்த்து முடிவு செய்ய அதிகாரி வருகிறார். சாமந்தி மாலை, சோடா எல்லாம் தயார். தேனீ மட்டும் இல்லை.

மனிதர் கவனிப்பில் குறை வைத்தவரல்ல. தை மாதம் இதே அதிகாரி சொல்லிவிட்டுப் போனபடி, ஒரு நோயும் இல்லாத தேனீக்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு ஒழுங்காக மருந்து கொடுத்ததில்லை. நாளாக நாளாகத் தேனீக்கள் சோர்ந்தன. இன்னொரு கேப்சூல் சேர்த்தார்.

முந்தாநாள், அதிகாரியின் கண்ணில் ஒரு புழுகூடப் பட்டுவிடக் கூடாதென்று, தோட்டத்தில் பூத்து நின்ற சூரியகாந்திக்குப் பூச்சிமருந்தும் அடித்தார். அதே பூவுக்கு வந்துபோன பக்கத்துத் தோட்டத்துப் பச்சியப்பனின் தேனீக்கள் கேப்சூலையே கண்டதில்லை. அவற்றில் ஒரு கைப்பிடி செத்தது. இவருடைய ஐந்து பெட்டியும் கூண்டோடு கைலாசம்.

“உள்ளதச் சொல்லிப்புடுங்க,” என்றாள் மனைவி முனியம்மாள். “ஈ இல்லாம பூவெல்லாம் மணி புடிக்காமச் சாவியாப் போயிடும். அதுக்காவது வழி கேளுங்க.”

அதிகாரி வந்தார். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றே பெட்டிகளைப் பார்வையிட்டார்.

குப்புராஜுக்கு உண்மை தொண்டை வரை வந்துவிட்டது.

“ஒண்ணுகூடக் கொட்டலயேங்க. எப்படிப் பழக்கி வச்சிருக்கீங்க!” என்று வியந்தார் அதிகாரி.

கழுத்தில் மாலை விழுந்தது. தொண்டைக்கு வந்தது கீழே இறங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாமந்தி மணத்தது.

முதல் பரிசு ஜீப்பிலேயே வந்திருந்தது. வத்தல்மலையிலிருந்து பத்துப் பெட்டி, உயிருள்ள தேனீக்களோடு. வாயில் வலை கட்டியிருந்தும் இரைச்சல் காதைப் பிளந்தது.

“மருந்துன்னா என்னன்னே தெரியாத மலைத் தேனீங்க,” என்றார் அதிகாரி. “நீங்கதான் பழக்கணும்.”

குப்புராஜ் மாலையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் கேப்சூல் டப்பாவைத் தேடினார். அடுப்பங்கரையில் தேடினார், பரணில் தேடினார்.

அது முனியம்மாளின் மடியில் இருந்தது.