ஆறு தூண், ஆறு குழி

"இதுவும் வேண்டாங்க தங்கவேலு. எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள் வேலாமணி, குன்னூர் ஜவுளிக்கடைக்காரர் மனைவி.

இது மூன்றாவது தடவை. தோட்டத்துப் பந்தலுக்கு ஆறு தூண். தூணுக்கு ஒரு கொடி ரோஜா. நர்சரியிலிருந்து தங்கவேலு முதலில் வெள்ளை கொண்டுவந்தான். பிறகு மஞ்சள். இன்று சிவப்பு.

"சிவப்புக்கு என்னங்க குறை?"

"கண்ணைக் குத்துதுங்க."

"மஞ்சளு?"

"சோகை புடிச்சாப்ல இருந்துது."

"வெள்ளை நல்லாத்தானுங்க இருந்துது. முள்ளுகூட இல்லை. நீங்களே தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க."

வேலாமணி குழியோரம் நின்ற கூலிக்காரியிடம் திரும்பினாள்.

"கருப்பம்மா, இந்தக் குழியெல்லாம் மூடிரு. அடுத்த செடிக்குத் தூணுக்கு அந்தப் பக்கம் வெட்டிக்கலாம். நாளைக்கு வந்துரு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கருப்பம்மா மண்வெட்டியை எடுத்தாள். மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி மூடி நாலு மாதம் ஆகிறது.

தங்கவேலு குழிகளைப் பார்த்தான். ஆறும் ஒரே அளவு. விளிம்பு கத்தியால் சீவியதுபோல் இருந்தது.

"நீங்களா வெட்டினீங்க?"

"பின்ன யாரு? ஒன்றரை அடி. வேணும்னா அளந்து பாருங்கண்ணே. கண்டியில எங்கப்பாவுக்குத் தேயிலைக்குக் குழி வெட்டுறதுதான் வேலை. தொரை குச்சி விட்டுப் பார்ப்பாரு. ஒரு விரக்கடை பிசகாது."

"இதைப் போயி மூடச் சொல்றாங்களே. மலை பூரா அடுப்பு எரியாமக் கெடக்குது, இந்தம்மாவுக்கு ரோஜாவுல கலர் பார்த்து மாளலை. உங்களுக்குக் கோபமே வராதுங்களா?"

கருப்பம்மா சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் இந்தம்மா எனக்கு அரை மூட்டை அரிசி குடுத்தனுப்பிச்சாங்க. திருப்பிட்டேன். வேலை செய்யாம பேர் போட்டுக்கிற பழக்கம் எங்க லயத்துல இல்லேன்னு சொல்லிட்டேன்."

எஸ்டேட்டில் பேர் என்றால் ஒரு நாள் கூலி; லயம் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை.

"அடுத்த வாரமே இங்க பந்தல் போட ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள்.

தங்கவேலு கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தான்.

"அப்ப இதெல்லாம் உங்களுக்குக் கூலி குடுக்கத்தான்னு தெரியுமுங்களா?"

"மூணு தடவை வெட்டி மூடுறவளுக்குத் தெரியாதாக்கும். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத்தான் தெரியக் கூடாது. ஒழுங்கா வெட்டுறேன், ஒழுங்கா மூடுறேன், முழுப்பேர் வாங்கிக்கிறேன்."

முதல் குழியை மூடி, மண்ணை மிதித்துச் சமன் செய்தாள். கை வைத்துத் தடவிப் பார்த்தாள். இரண்டாவதுக்கு நகர்ந்தாள்.

தங்கவேலு தொட்டிகளை ஜீப்பில் ஏற்றி முடித்தபோது கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த வெள்ளையில ஒரு தொட்டியை மட்டும் விக்காம வைங்க. ஃபேக்டரி திறந்து மொதச் சம்பளம் வந்ததும் நான் வந்து வாங்கிக்கிறேன். இந்தப் பந்தல் வாசல் தூணுக்கு நானே நடணும்."

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அன்னைக்கு வெட்டுற குழிக்கு மட்டும் கூலி வாங்க மாட்டேன்."