ஊரைச் சுற்றிக் காட்டியவள்

வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கையுறைக் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வாரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து அதன் முதலாளி வந்து இறங்கினார். ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். சூப்பர்வைசர் அறிவுச்செல்வியை அவருடன் அனுப்பினார்கள்.

இவர் மனசு வைத்தால் கம்பெனி பிழைத்துவிடும் என்று நினைத்து, அவள் ஒன்றையும் விடாமல் காட்டினாள். கம்பெனி ஆட்களை நம்பி நடக்கும் மெஸ், அவர்களுக்காகவே வேன் ஓட்டும் அர்த்தநாரி, அவர்கள் குடியிருக்கும் வாடகை வீடுகள்.

"கம்பெனி இல்லையென்றால்?" முதலாளி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"போறதுக்கு வேற எடமே இல்லீங்க. தறியெல்லாம் எப்பவோ நின்னு போச்சுங்க. ஊரே உங்களத்தான் நம்பியிருக்குதுங்க." அவள் கைகூப்பிச் சொன்னாள்.

பக்கத்தில் வேறு மில் உண்டா என்று அவர் இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும் சிரித்தபடி கை குலுக்கினார்.

"மூட மாட்டாங்கடி!" கேட்டில் காத்திருந்த பெண்களிடம் ஓடிவந்து சொன்னாள். யாரோ அவள் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள்.

திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சம்பளம் பழையதுதான். விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம்.

அறிவுச்செல்வி மேனேஜர் அறைக்குப் பதறி ஓடினாள். "ஏனுங்க சார், இதுக்கு யாருங்க ஒத்துக்குவாங்க?"

மேனேஜர் தலை நிமிரவில்லை.

"மூடுற பேச்சே இல்லம்மா. வேலை நேரத்தக் கூட்டுனா ஆளுங்க வேற பக்கம் போயிருவாங்களான்னு பாக்கத்தான் அவரு வந்தாரு. போக எடமில்லேன்னு நீதானே சொன்ன?"