நாளைய டியூட்டி

புதிதாக வந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களைப் போலீசார் சுட்டுப் பார்த்தார்கள். நாளைய டியூட்டிக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்.

மகேஷின் குண்டுகள் பலகையின் நடுவிலேயே பாய்ந்தன. ஆனால் ரைஃபிள் உதைக்கும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டான். சிந்து இமைக்கவில்லை. அவள் சுட்ட எதுவும் பலகையில் படவுமில்லை.

"காக்கா ஏதாச்சும் விழுந்து கீதானு போய்ப் பாரு" என்று மகேஷ் சிரித்தான்.

"நாளைக்கு சிந்துதான்" என்றார் எஸ்.ஐ. தணிகாசலம்.

"ஐயா, எனக்குக் குறியே சரியா விழலையே?"

"குறி எதுக்கும்மா? பெசன்ட் நகர் சுடுகாட்டுல வானத்தைப் பார்த்து வெத்துத் தோட்டாதான் சுடப்போறே. செத்துப்போன நம்ம ஏட்டோட பசங்க உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கினு நிக்கும். நீ கண்ணை மூடினா அதுங்க பயந்துடும்."