மடித்து விட்ட நுனி

தங்கை இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சமையலறை சுவிட்சைத் தொட்டாலே சுரீரென்று ஷாக் அடிக்கிறது.

"ஓனர்கிட்ட சொல்லுடி" என்றேன்.

"சும்மா இரு அக்கா. குறை சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவார். எவ்வளவு அலைஞ்சு பிடிச்ச வீடு! நீயும் வாயைத் திறந்துடாத."

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நான் ஓர் எலக்ட்ரீஷியனுக்கு வாழ்க்கைப்பட்டவள், கை சும்மா இருக்குமா? மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பலகையைக் கழற்றினேன்.

உள்ளே ஒயரெல்லாம் கருகித் தோலுரிந்து கிடந்தது. ஒன்றில் மட்டும் புதிதாக டேப் சுற்றியிருந்தது. அதன் நுனி நாய்க்குட்டியின் காது போல மடிந்து நின்றது.

என் கணவர்தான் அப்படி மடித்து விடுவார். அடுத்து வந்து பிரிக்கிறவனுக்கு நகம் தேயக் கூடாதாம். அந்த அக்கறையில் கால்வாசி எங்கள் வீட்டு ஃபேன் மேல் இருந்திருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

"யாருடி இதைச் சுத்தினது?"

"யாரும் திறக்கவே இல்லையேக்கா. ஆனா நேத்து ஹால் சுவிட்ச் தானா சரியாயிடுச்சு."

ஹால் பலகையையும் கழற்றினேன். அங்கேயும் ஒரு காது. பிசின் இன்னும் விரலில் ஒட்டியது.

தங்கையின் கையில் போனைத் திணித்தேன். "இப்பவே ஓனரைக் கூப்பிடு."

"காலி பண்ணச் சொன்னா?"

"என்கூட வந்து இரு. இவ்வளவு பெரிய வீட்டை எங்க வீட்டு மனுஷன் ஒருத்தரே எத்தனை நாள் பார்ப்பார்? அவருக்கு முட்டி வலி வேற."