அணைக்காத இன்ஜின்

"ஆஃப் பண்ணுடா. உன் வண்டிக்கு வைத்தியரையே வரவழைச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

கேட்டுக்கு வெளியே, டூல் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக் நின்றிருந்தார்.

தம்பியின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. பக்கத்து சீட்டில் மாமாவுக்கான மருந்துப் பை இருந்தது. வழக்கமாக அதைக் கார் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு இரண்டு வார்த்தை பேசிக் கிளம்பிவிடுவான்.

"சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுக்கா."

"அதைப் பாக்கத்தானே வரச் சொன்னேன். வாரா வாரம் கால்ல வெந்நி ஊத்திக்கிட்ட மாதிரி வாசலோட ஓடுறியே, ஓடுறது வண்டியா நீயா? புதுப்பொண்ணுகூட இவ்வளவு பிகு பண்ணாது."

மெக்கானிக் சிரித்தார். "சூட்டோட பாத்தாத்தான் சார் நோய் தெரியும். ஆறிட்டா நல்ல பிள்ளையாட்டம் நடிக்கும்."

அவன் சாவியைத் திருப்பினான்.

அந்த வாசலில் இன்ஜின் அடங்கி எத்தனையோ மாதமாயிற்று. வீட்டுக்குள் மின்விசிறி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது.

சூட்டில் அணைத்தால் கிளம்பாது என்பது ஒரு காலத்தில் பொய்யில்லை. மாமா ஓட்டிக் களைத்த கார். தம்பிக்கு வேலை கிடைத்த அன்று அவராகவே சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டார். காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால், ஆறும்வரை என்ன கெஞ்சினாலும் அசையாது. நடுத்தெருவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான்.

பிறகு மாமா பக்கவாதத்தில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் பார்க்கப் போனான். கூரை பறக்கச் சிரிக்கிற மனிதர், அவன் பெயரைச் சொல்ல முயன்றார். எச்சில்தான் வழிந்தது. அசைய வந்த இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

வேலை இருக்கிறது என்று சொல்லி, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே வந்தான்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் கிளம்பாதே.

மழைக்காலத்துக்கு முன்பே ஆபீஸ் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இக்னிஷன் காயிலை மாற்றிக் கொடுத்தார்கள். சூடானதும் அதுதான் ஸ்பார்க் தராமல் சண்டித்தனம் செய்திருக்கிறது. வண்டியின் நோய் அன்றோடு தீர்ந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் தெருத் திருப்பத்து மரத்தடியில் காரை நிறுத்துவான். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்ப்பான். இன்றைக்கு உள்ளே போய்விடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பிறகு சாவியைத் திருப்புவான். சூடான இன்ஜின் ஒரே திருப்பில் பற்றிக்கொள்ளும். கேட்டுக்கு வந்து, அணைக்காமல் நிற்பான்.

மரத்துக்கு நேரே அக்கா வீட்டின் சாமான் அறை ஜன்னல் மட்டும்தான் இருந்தது. பார்க்க யாருமில்லை.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார்.

எல்லாவற்றின் மீதும் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்தன. நடுவில் காயில் மட்டும், கிழவர் வாயில் புதுப்பல் கட்டியதுபோல மின்னிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

பானெட்டை மெதுவாக மூடினார்.

"அணைச்ச பிறகுதான் சார் சூடு உள்ளுக்குள்ள நல்லா ஏறும். கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் உள்ள போய் இருங்க."

தம்பியின் காது மடல் எரிந்தது. மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அக்காவின் பின்னால் நடந்தான்.

மாமா பழைய அறையில் இல்லை. அக்கா சாமான் அறைக் கதவைத் தள்ளினாள்.

மூட்டை முடிச்சுகள் போன இடம் தெரியவில்லை. ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் மாமா, அயர்ன் பண்ணிய சட்டையில், பாதியாக இளைத்து.

"இங்கதான் வேணும்னு கையைக் கையைக் காட்டினாரு. மழை விட்டதும் கட்டிலை மாத்திட்டேன்" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை ஆனா போதும், கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டுவாரு, ஷேவ் பண்ணி விடணும். எதுக்கு இந்த அலங்காரம்னு கேட்டா, சிரிப்பு."

அவன் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தான்.

மரம் முழுதாகத் தெரிந்தது. அதன் கீழே, அவன் கார் ஒரே இடத்தில் நின்று நின்று சொட்டிய எண்ணெய், கறுப்பாக ஊறிக் கிடந்தது.

வாசலில் மெக்கானிக் சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பிற்று.

"அட, ஸ்டார்ட் ஆயிடுச்சே!" என்று அக்கா வெளியே ஓடினாள்.

மாமாவின் இடது கை போர்வையிலிருந்து மேலே வந்தது. தம்பி தன் மணிக்கட்டை நீட்டினான்.

அவர் பிடிக்கவில்லை. கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் சேர்த்து, மரத்தின் பக்கம் நீட்டி, காற்றில் ஒரு சாவியைத் திருப்பினார். நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து, மறுபக்கம் திருப்பினார்.

வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது.

பிறகு, அவன் மணிக்கட்டைத் தொட்டுவிடாமல், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.