வரேன்னு சொல்லக் கூடாது

செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா?

ஒன்பதாவது கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான். அவள் 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தாளை நீட்டினாள்.

கவுன்சிலிங் கொடுக்கும் பெண் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். முதல் வாரம் இருபத்தொன்று. இன்று ஐந்து.

அந்தச் சின்ன முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அதற்காகத்தான் போட்டாள். 'தினமும்' என்று போட்டால் அந்தப் பெண் வாடிப்போகிறாள். யார் பெற்ற பிள்ளையோ, அதையும் எதற்கு அழவைப்பது.

வாரம் முக்கால் மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். அதற்கு மேல் துக்கத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒதுக்கீடு இல்லை.

தூக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். பசியைப் பற்றிப் பேசினார்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டார்கள். பத்தொன்பது வயதில் தானே உயிரை விட்ட மகன் திவாகரைப் பற்றியும் பேசினார்கள்.

அந்தக் காலை நேரத்தைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஆறு வாரம் மறைத்தாள்.

இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினாள். வீட்டில் சொன்னால் அவன் அப்பா தாங்கமாட்டார். இந்த அறையை விட்டால் சொல்ல இடம் இல்லை.

அதற்குள் அந்தப் பெண் ஃபைலை மூடியாயிற்று.

"நல்லா தேறிட்டீங்கம்மா. இனி வர வேண்டியதில்ல."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வரேம்மா."

அந்தப் பெண் சிரித்தாள். "ஆஸ்பத்திரில வரேன்னு சொல்லக் கூடாதும்மா. போறேன்னு சொல்லுங்க."

பையைத் தோளில் மாட்டினாள்.

அந்தக் காலையிலும் இதே பேச்சுதான். தலைகீழாக.

என்றைக்கும் 'வரேம்மா' என்கிற பிள்ளை. செருப்பை மாட்டிக்கொண்டே "போறேம்மா" என்றான். அவள் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"போறேன்னு சொல்லாதடா. வரேன்னு சொல்லு."

சொன்னான். போனான்.

அவன் சொல்லைத் திருத்தினாள், பாவி. திரும்பி முகத்தைப் பார்க்கவில்லை.

இதைத்தான் சொல்ல வந்தாள்.

அந்தப் பெண் அடுத்தவரின் ஃபைலைப் பிரித்துத் தேதி எழுத ஆரம்பித்திருந்தாள்.

இவள் வாசல்வரை போய் நின்றாள்.

"போறேன்."

"ஆங், அப்படிச் சொல்லுங்க."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை.