சாது என்ன கத்துகிறான்?

“ரெண்டாவது பாட்டுல நீ என்னதான்டா கத்துறே?” என்று கேட்டான் டயர்.

சாது மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

டயர் கடை வைத்திருந்ததால் டிரம்ஸ் அடிப்பவனுக்கு அந்தப் பெயர். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் கடையின் பின்னறையில்தான் தொண்டை கிழிய உறுமிப் பாடும் இந்த டெத் மெட்டல் குழு பிறந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய டயர்கள். கிட்டாருக்கு ஒரு கணக்கு வாத்தியார். பேஸ் கிட்டாருக்கு அவருடைய மச்சினன். பாட மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

பஞ்சர் ஒட்ட வந்த சாதுதான், “நான் கத்திப் பார்க்கட்டுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கத்தினான். வாத்தியார் கையிலிருந்த டீ அவர் சட்டையில் கொட்டியது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கச்சேரிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போனார்கள். இப்போது முந்நூறு பேர் தலையை ஆட்டிக்கொண்டு கூடவே கத்துகிறார்கள். என்ன கத்துகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது.

முதல் ஆல்பம் போடும் கம்பெனி, பாட்டு வரிகளை அச்சடிக்கக் கேட்டிருந்தது. வந்தது வினை.

“நான் அதை ‘எரிமலை’ன்னு நெனச்சேன்” என்றார் வாத்தியார்.

“எனக்கு ‘ஏறி வா’ன்னு கேட்டுச்சு சார். நாலு வருஷமா அதுக்கேத்த மாதிரிதான் அடிக்கிறேன்!” என்றான் டயர்.

“அக்காவுக்கு ‘எருமை’ன்னு கேக்குதாம் மாமா. உங்களைத்தான் சொல்றாங்களாம்” என்றான் மச்சினன்.

டயருக்குத் தலை சுற்றியது. “கெட்ட வார்த்தையாடா? யாரையாவது திட்டுறியா? சொல்லித் தொலை. அச்சுல வந்தா ஊரே படிக்கும்!”

சாது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். டயர் புரட்டினான். பாட்டே இல்லை. பக்கம் பக்கமாக ஆட்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வயது, ஒரு தேதி.

“என்னடா இது?”

“ஆஸ்பத்திரி வேலைன்னு சொல்லியிருக்கேன்ல? பிணவறையில. இவங்கள்லாம் வாங்கிட்டுப் போக யாருமே வராதவங்க. பேரைச் சொல்லி ஒருதரமாவது சத்தமாக் கூப்பிடணும்னு தோணுச்சு.”

வாத்தியார் நோட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

“ஆறாவது பாட்டுல பேரே கிடையாதேப்பா. வெறும் உறுமல்தானே?” என்றார் வாத்தியார்.

“அது பேர் தெரியாம வந்தவங்களுக்கு சார்.”